ஏழாவது விடயம்

இன்றைக்கு இது நான்காவது கூட்டம்.
ஹப்புத்தளைக் கடைத்தெருவில்
ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
ஜன்னலோரம் ஒன்றரை அடி இடத்தில் மட்டும்
இரண்டு கோடு சிக்னல்.
காலையிலிருந்து அந்த ஒன்றரை அடியில் நான்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.
கீழே கம்பளிப் போர்வை, இரண்டு சோடி காலுறை.
இடுப்புக்குக் கீழே இருக்கிறவளைக்
கொழும்பில் யாருக்கும் தெரியாது.

திரையில் பன்னிரண்டு சதுரம்.
பதின்மூன்றாவதாக, மூலையில், நான்.
நாள் முழுக்க என் முகத்தையே பார்த்திருக்க
என்ன பாவம் செய்தேனோ.
பெயரும் முழுதாகக் கொள்ளவில்லை,
விமலேஸ்வ என்று அறுந்து நிற்கிறது.

எட்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள்.
"இருக்கிறேன் சேர்."
பெரட்டுக்களத்தில் அம்மா சொல்லும் அதே குரல்.
யார் சொன்னது என்று
நானே ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.

சிரிப்பை இறக்கி வைக்க இடமில்லை.
குடிக்கும்போது மட்டும்
கோப்பைக்குப் பின்னால் முகத்தை
ஒரு நொடி கழற்றிக்கொள்கிறேன்.
இன்று ஒன்பது கோப்பை பிளேன்டீ.

நிலந்த சேர் பேசுகிறார்.
பேசிக்கொண்டே போகிறார்.
ஐந்து நாற்பதுக்கு பதுளை ரயில்,
அதற்குள் மைக்கை மூடவேண்டும்.
ரயில் போகையில் மேசை நடுங்கும்,
சதுரத்துக்குள் நானும் நடுங்குவேன்.
ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

தலையசைப்புக்கு ஒரு வரிசை உண்டு.
முதலில் இமாலி.
பிறகு நிதிப்பிரிவு பாஹிம்.
பிறகு காற்றுப் பட்ட டர்பன்டைன் தோப்பாய்
எல்லாரும்.
அதில் ஒரு தலை என்னுடையது என்பதை
மூலைச் சதுரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏழாவது விடயம் வந்தபோது
எல்லாருக்கும் பசி.
யார் வீட்டிலோ குக்கர் மூன்றாம் விசில்.
"மண்சரிவு இழப்பீட்டுக்கு இனி
வீட்டின் பழைய படம் வேண்டும்,
சரிவதற்கு முன் எடுத்தது.
பதினான்கு நாளுக்குள்.
எல்லாருக்கும் சரிதானே?"

கட்டைவிரல்.
கட்டைவிரல்.
ஒரு கைதட்டல்.
கட்டைவிரல்.

எனக்கு ஜன்னலில் எதிர்மலை.
அதில் போன வருடத்துச் சிவப்புக் கீறல்.
அந்த மண்ணுக்குள்ளிருந்து
செல்லத்தாயி அக்கா மீட்டது
ஒரு சருவச்சட்டி, ஒரு கேஸ் சிலிண்டர்.
போன் வீட்டோடு போயிற்று.
இருந்திருந்தாலும் அதில்
பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்தான்.
சுவரை யார் படம் எடுக்கிறார்கள்?

மைக்கைத் திறந்தேன்.
"சேர், ஒரு விஷயம்..."
சொல் தேடித் தலையைக் கொஞ்சம் குனிந்தேன்.
அந்த நேரம் பார்த்து மூடுபனி ஏறி வந்து
ஜன்னலை அடைத்தது.
அதுதான் காரணமா, கம்பத்தில் கோளாறா, தெரியாது,
இரண்டு கோடும் விழுந்தன.

தெரியாமல் நான் பேசிக்கொண்டிருந்தேன்.
நன்றாகவே பேசினேன்.
செல்லத்தாயி அக்காவின் பெயரையும் சொன்னேன்.
ஒன்றரை நிமிடம்.
கீழே கடையில் யாருக்கோ
ஆணி நிறுத்துக் கொட்டும் சத்தம்.

திரும்ப இணைந்தபோது எட்டாவது விடயம்:
ஆண்டிறுதி விருந்துக்கு என்ன நிற உடுப்பு.

இரவு கூட்டக் குறிப்பு வந்தது.
விடயம் ஏழு, ஏகமனதாக.
கூடவே ஒரு படம்:
பத்துக் கட்டைவிரல், ஒரு கைதட்டல்,
மூலையில் தலை குனிந்தபடி உறைந்து நான்.
யார் பார்த்தாலும்
ஆமோதிக்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.
நான் பார்த்தாலும்.

பிறகு போன் மெல்ல அதிரத் தொடங்கியது.
பாஹிம்: அந்தப் பட விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை.
சொல்லத்தான் நினைத்தேன், எல்லாரும் சரி என்றீர்களே.
இமாலி: எனக்கும்தான். யாருக்கும் சொல்லிவிடாதே.
மாத்தளையிலிருந்து ஒருவர், பெயர் வேண்டாம்,
அழும் முகம் ஒன்று மட்டும்.
எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர்.
பதின்மூன்றில், என்னோடு எட்டு.

போர்வைக்குள் கால் மரத்திருந்தது.
எழுத விரல் வரவில்லை.
ஏழு பேருக்கும்
ஆளுக்கொரு கட்டைவிரல் அனுப்பிவிட்டுப்
படுத்தேன்.